கலைத்த படம் திரும்பி வந்த கதை

போன கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு மாலை நான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது லேப்டாப்பைக் கொண்டுவந்து எதிரே வைத்தான். திரையில் என்னுடைய பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம், வேலையில் சேர்ந்த வருடம் எடுத்தது.

"தாத்தா, இதைக் கலைக்கப் போறேன், பாருங்க" என்றான்.

ஒரு விசையைத் தட்டினான். முகம் சாய்ந்து துண்டுதுண்டானது. இன்னும் சில தட்டல்களில் வெறும் கோடுகள். அப்புறம் டி.வி.யில் நிகழ்ச்சி முடிந்த பிறகு வருமே, அந்தப் புள்ளிமழை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அவன் விடாமல் தட்டிக்கொண்டே போனான். 15ஆவது தட்டலில் நான் மீசையோடு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். ஒரு புள்ளி குறையவில்லை.

"இது ரொம்ப நல்லாக் கலக்கற விதின்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. நல்லாக் கலந்தா திரும்பி வரக்கூடாது இல்ல? கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா, புஸ்தகம் பொய் சொல்லுதா?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? அன்று பாதி பதில்தான் சொன்னேன். மீதியைத் தேடிப் படித்ததில் ஒரு நல்ல வரலாறு கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிட வேண்டாம். கூட்டல், கழித்தல், கல்யாணப் பொருத்தம் இவற்றைத் தாண்டிப் போக மாட்டேன்.

முதலில் அந்த விதி. கணினித் திரையில் ஒரு படம் என்பது புள்ளிகளின் அடுக்கு. பேரன் எடுத்துக்கொண்ட படம் 124 நிரல், 124 நிரை. மொத்தம் 15,376 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிரல் எண், ஒரு நிரை எண். இரண்டையும் கூட்டினால் புது நிரை எண். அதோடு பழைய நிரல் எண்ணைக் கூட்டினால் புது நிரல் எண். 124ஐ எட்டினாலோ தாண்டினாலோ 124ஐக் கழித்துவிட வேண்டும். நிரல் 100, நிரை 50இல் இருக்கும் புள்ளிக்குக் கூட்டல் 150, கழித்தால் 26. அதோடு 100ஐச் சேர்த்தால் 126, கழித்தால் 2. ஆகவே அது நிரல் 2, நிரை 26க்குப் போகும். அவ்வளவுதான்.

இதற்கு 'அர்னால்டின் பூனை' என்று பெயர். ரஷ்யக் கணித மேதை விளாதிமிர் அர்னால்டு 1960களில் அவேஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் ஒரு பூனைமுகத்தை வரைந்து அது எப்படிச் சிதைகிறது என்று காட்டினார். அதனால் வந்த பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த இரண்டு புள்ளியும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. எந்த இடமும் காலியாகவும் இருப்பதில்லை. புள்ளிகள் இடம் மட்டும் மாற்றிக்கொள்கின்றன. இப்படிப் பரப்பளவு கூடாமல் குறையாமல் இடம் மாற்றும் விதியைத்தான் 'அளவு மாறா உருமாற்றம்' என்கிறார்கள். இவற்றை ஆராயும் கணிதப் பிரிவுக்கு எர்காடிக் கோட்பாடு என்று பெயர்.

படம் ஏன் திரும்பி வந்தது என்பது சுலபம். சீட்டுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 52 சீட்டையும் சரிபாதியாகப் பிரித்து, மேல்சீட்டு மேலேயே இருக்கும்படி ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்து அடுக்குங்கள். இதையே தவறில்லாமல் 8 முறை செய்தால் கட்டு பழையபடி வரிசையாகிவிடும். சீட்டுகள் எண்ணிக்கையில் அடங்கியவை. ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் என்றாவது ஒருநாள் ஆரம்பித்த இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். 15,376 புள்ளிகளுக்கும் அதே கதிதான். ஒரு வேடிக்கை: 124 அளவுப் படம் 15 தட்டலில் திரும்புகிறது, 150 அளவுப் படத்துக்கு 300 தட்டல் வேண்டும். எந்த அளவானாலும் அந்த அளவின் மூன்று மடங்குக்குள் திரும்பிவிடும் என்று டைசன், ஃபாக் இருவரும் 1992இல் நிரூபித்தார்கள்.

ஆனால் புத்தகம் சொல்வது திரையைப் பற்றி அல்ல. புள்ளிகளே இல்லாத, எவ்வளவு பெரிதாக்கினாலும் இடைவெளி தெரியாத தொடர்ச்சியான ஒரு சதுரத்தைப் பற்றி. அதில் இதே விதியைச் செலுத்தினால் முழுப்படம் ஒருநாளும் திரும்பாது. பாலில் விட்ட டிகாக்‌ஷன் போலக் கலந்துகொண்டே போகும். ஆக, உண்மையில் திரும்பாதது கணினியில் திரும்புகிறது. அப்படியானால் கணினி காட்டுவதை எந்த அளவுக்கு நம்பலாம்? பேரனின் கேள்வியின் உட்பொருள் இதுதான்.

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். வியன்னாவைச் சேர்ந்த போல்ட்ஸ்மன், வாயுவுக்குள் கோடிக்கணக்கான அணுக்கள் மோதிக் கலப்பதை வைத்து வெப்பத்தின் போக்கை விளக்கினார். கலந்தது கலந்ததுதான், தானாகப் பிரியாது என்பது அதன் சாரம். ஆனால் 1890இல் பிரான்ஸின் புவான்காரே ஒரு தேற்றத்தை வெளியிட்டார். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கார் அறிவித்த போட்டிக்காக, வானில் மூன்று கோள்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் கணக்கை அவர் ஆராய்ந்தபோது கிடைத்தது அது. மொத்த அளவு எல்லைக்குட்பட்டிருந்து, இயக்கம் அந்த அளவை மாற்றாமல் இருந்தால், அநேகமாக எந்த நிலையில் ஆரம்பித்தாலும் என்றாவது ஒருநாள் அதற்கு மிக அருகில் திரும்பி வந்தே தீரும். 1896இல் ட்ஸெர்மெலோ என்ற இளைஞர் இதைக் கையில் எடுத்துக்கொண்டு போல்ட்ஸ்மனை மடக்கினார். எல்லாம் திரும்பி வருமென்றால் 'கலந்தது பிரியாது' என்று எப்படிச் சொல்லலாம்? திரும்பி வரும், ஆனால் அதற்கு ஆகும் காலம் நம் கற்பனைக்கு எட்டாதது என்பது போல்ட்ஸ்மனின் பதில்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நம் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், துபாயில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் எப்போதாவது வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் வீட்டில் இருப்பதில்லை. புவான்காரே சொன்னது, ஒவ்வொரு புள்ளியும் தன் வீட்டுப் பக்கம் ஒருநாள் வரும் என்று. எல்லாப் புள்ளிகளும் ஒரே நாளில் வந்தால்தான் படம் திரும்பும். அந்த நாள் வருமா?

1931, 32இல் அமெரிக்காவில் வான் நியூமனும் பிர்காஃபும் எர்காடிக் தேற்றங்களை நிரூபித்த பிறகு இத்துறை நிமிர்ந்து நின்றது. அடுத்த கேள்வி இயல்பாக எழுந்தது. அளவு மாறா உருமாற்றங்கள் கணக்கற்றவை. அவற்றில் 'பொதுவான' ஒன்று கலக்குமா, கலக்காதா? பொதுவான என்பதற்கு இங்கே ஒரு தனிப் பொருள். உருமாற்றங்களையெல்லாம் ஓர் ஊர்போல நினைத்தால், எது எதற்கு அருகில் என்று அளக்க முடியும். அந்த ஊரில் விதிவிலக்குகளின் கூட்டம் மிக ஒல்லியாக இருந்தால், மீதி எல்லாம் பொதுவானவை.

1944இல் பால் ஹால்மோஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஹங்கேரியில் பிறந்து 13 வயதில் அமெரிக்கா போனவர். வான் நியூமனிடம் உதவியாளராக இருந்தவர். கட்டுரையின் தலைப்பே தீர்ப்பு: பொதுவாக, அளவு மாறா உருமாற்றம் கலக்கும்.

1948இல் மாஸ்கோவிலிருந்து ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர் விளாதிமிர் ரோக்லின். அதன் தலைப்பும் தீர்ப்புதான்: 'பொதுவான' அளவு மாறா உருமாற்றம் கலக்காது.

இரண்டும் சரி! எப்படி என்று சொல்வதற்கு முன் ரோக்லினைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1919இல் பாக்கு நகரில் பிறந்தவர். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1941இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது தொண்டர் படையில் சேர்ந்தார். சுற்றிவளைக்கப்பட்டுக் கைதியானார். யூதர் என்று தெரிந்தால் உயிர் போய்விடும். அதை மறைத்தே போர்க்கைதி முகாம்களில் பிழைத்திருந்தார். 1945இல் விடுதலை என்றால் அதுவும் விடுதலை இல்லை. எதிரியிடம் பிடிபட்டவன் என்ற சந்தேகத்தில் சொந்த நாட்டு அரசே விசாரணை முகாமில் வைத்தது. கோல்மகரோவும் பொன்ட்ரியாகினும் முயன்று 1946இல் வெளியே கொண்டுவந்தார்கள். பொன்ட்ரியாகின் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்; ரோக்லினைத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். ஐந்தாண்டு முகாம் வாழ்க்கை முடிந்து இரண்டே வருடத்தில் எழுதியது அந்தக் கட்டுரை. நம்மில் பலர் ஒரு மாத மருத்துவ விடுப்பு முடிந்து வந்தாலே ஃபைல் எங்கே என்று தேடுவோம்.

இப்போது கணக்கு. ஹால்மோஸ் சொன்ன கலப்பும் ரோக்லின் சொன்ன கலப்பும் வேறு வேறு. ஹால்மோஸின் கலப்பில் அநேகமாக எல்லா நாட்களிலும் படம் கலைந்திருக்கும். அபூர்வமாகச் சில நாட்கள் விதிவிலக்காக இருக்கலாம். இதை இன்று 'மெலிந்த கலப்பு' என்கிறார்கள். ரோக்லினின் கலப்பில் விதிவிலக்குக்கு இடமில்லை; ஒரு கட்டத்துக்கு மேல் எந்த நாள் பார்த்தாலும் கலைந்தே இருக்க வேண்டும். பொதுவான உருமாற்றத்துக்கு முதலாவது உண்டு, இரண்டாவது கிடையாது.

இதை நிரூபித்த வழிதான் அழகு. எந்த உருமாற்றத்தை எடுத்தாலும் அதற்கு மிக அருகில், குறிப்பிட்ட தடவைக்குப் பின் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவரும் ஒரு சீட்டாட்ட விதி இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருபோதும் சுழன்று திரும்பாத உருமாற்றமானாலும், சதுரத்தை ஓர் அடுக்குமாடியாகப் பிரிக்கலாம். தரைத்தளம் அப்படியே முதல் மாடிக்குப் போகும், முதல் மாடி இரண்டாம் மாடிக்கு. எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டலாம். எந்த மாடியிலும் சேராமல் வெளியே நிற்பது நாம் கேட்கும் அளவுக்குக் கொஞ்சமாக இருக்கும். இதுதான் ரோக்லின் பெயரால் வழங்கும் துணைத்தேற்றம். உச்சிமாடிக்காரர்களை லிஃப்டில் நேரே தரைத்தளத்துக்கு இறக்கிவிட்டால் போதும், திரும்பாத விதி திரும்பும் விதியாகிவிட்டது. மாற்றியது ஒரே ஒரு மாடியை.

இனி ரோக்லின் முடிவு தானாக வந்துவிடும். திரும்பும் விதிகள் ஊரெங்கும் நெருக்கமாக இருக்கின்றன. 1000 தடவைக்கு ஒருமுறை திரும்பும் விதிக்கு மிக மிக அருகில் வசிக்கும் எந்த உருமாற்றமும் 1000ஆவது தடவையில் ஏறக்குறையத் திரும்பியே இருக்கும். பொதுவான உருமாற்றம், மேலும் மேலும் நீண்ட சுழற்சியுள்ள இப்படிப்பட்ட விதிகளுக்கு முடிவில்லாமல் அருகில் வசிக்கிறது. ஆகவே பெரும்பாலான நாள் கலைந்தே கிடந்தாலும், அபூர்வமான சில நாட்களில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் வீட்டில் இருப்பார்கள், தீபாவளி மாதிரி. அந்தத் தீபாவளி ஒருதடவை அல்ல, முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும்.

இப்படி இரண்டு தேற்றங்களையும் சேர்த்தால், மெலிந்த கலப்பு உண்டு, முழுக் கலப்பு இல்லை என்ற உருமாற்றங்கள்தான் பெரும்பான்மை என்று தெரிந்தது. கையால் எளிதாகக் கட்டிக்காட்டக்கூடிய ஓர் உதாரணத்தை 1969இல் சாக்கோன் கொடுத்தார். ஹால்மோஸும் பெரிய மனதுக்காரர். 1956இல் வந்த தன் எர்காடிக் கோட்பாட்டு விரிவுரை நூலில் ரோக்லினின் தேற்றத்தையும் தன் தேற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுதினார்.

பேரனின் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை. மேலே சொன்ன அருகாமை ஒரு தளர்ந்த அருகாமை. லிஃப்டில் இறக்கியவர்கள் குறைவானாலும், அவர்கள் வெகுதூரம் தள்ளி விழலாம். கணினிக்கு அது போதாது. ஒவ்வொரு புள்ளியும் தான் போக வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே போக வேண்டும். சாதாரணமாகக் கணினி என்ன செய்கிறது? விடையைக் கிட்டத்தட்ட முழுமையாக்கி அருகில் இருக்கும் கட்டத்தில் போடுகிறது. அப்படிச் செய்தால் ஒரே கட்டத்துக்கு இரண்டு புள்ளி வந்துவிடலாம், இன்னொரு கட்டம் காலியாகலாம். ஒரே பெர்த்துக்கு இரண்டு டிக்கெட் கொடுத்த கதை. பூனை விதியில் எல்லாம் முழு எண்ணாக இருப்பதால் தப்பித்தோம். மற்ற விதிகளுக்கு?

1971இல் நியூயார்க் கூரான்ட் கழகத்தின் பீட்டர் லேக்ஸ் இதற்குப் பதில் சொன்னார். அவரும் புடாபெஸ்ட்டில் பிறந்தவர்தான். 1941 கடைசியில், 15 வயதில், பெற்றோரோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1945இல் சிப்பாயாக லாஸ் அலமோஸுக்கு அனுப்பப்பட்டு, கணிப்பொறிக் கணக்கீட்டோடு வாழ்நாள் முழுவதும் பழகியவர். அவர் கையாண்ட கருவி கல்யாணத் தேற்றம்!

1935இல் பிலிப் ஹால் என்ற ஆங்கிலேயர் நிரூபித்தது அது. சில பெண்கள், சில மாப்பிள்ளைகள். ஒவ்வொரு பெண்ணுக்கும் பொருத்தமான மாப்பிள்ளைகளின் பட்டியல் இருக்கிறது. எல்லாப் பெண்ணுக்கும் அவரவர் பட்டியலிலிருந்தே ஆளுக்கொரு மாப்பிள்ளை அமையுமா? எந்த 5 பெண்களை எடுத்தாலும் அவர்கள் பட்டியல்களில் மொத்தம் 5 மாப்பிள்ளையாவது இருக்க வேண்டும். எந்த 10 பெண்களை எடுத்தாலும் 10 பேராவது. இப்படி எல்லா எண்ணிக்கைக்கும் சரியாக இருந்தால் எல்லாக் கல்யாணமும் நடக்கும். நம்ம ஹால்மோஸே 1950இல் வாகன் என்பவரோடு சேர்ந்து இதற்குச் சுருக்கமான நிரூபணம் எழுதினார், 'திருமணக் கணக்கு' என்ற தலைப்பிலேயே.

லேக்ஸ் சதுரத்தைச் சமமான சிறு கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டமும் ஒரு பெண். உருமாற்றத்துக்குப் பிறகு அந்தக் கட்டம் நெளிந்து எந்தெந்தக் கட்டங்களின் மேல் படிகிறதோ அவையெல்லாம் அவளுக்குப் பொருத்தமான மாப்பிள்ளைகள். 10 கட்டங்களை எடுத்தால் அவை நெளிந்த பிறகும் பரப்பளவு 10 கட்டம்தான், ஏனென்றால் அளவு மாறாது. 10 கட்டப் பரப்பை 9 கட்டத்துக்குள் அடைக்க முடியாது. ஆகவே அவை குறைந்தது 10 கட்டத்தையாவது தொட்டே ஆக வேண்டும். ஹாலின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி இடம் அமைந்துவிடும். ஒரே பெர்த்துக்கு இரண்டு டிக்கெட் இல்லை. எல்லாரும் தாம் போக வேண்டிய இடத்துக்கு அருகிலேயே போகிறார்கள். கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்கப் பிழை குறைகிறது. இந்தச் சீட்டாட்ட வழியிலேயே 1970களில் ஸ்டீவ் ஆல்பர்ன் இத்துறையின் பழைய பெரிய தேற்றங்கள் சிலவற்றுக்குப் புது நிரூபணங்கள் தந்தார்.

லேக்ஸுக்கு 2005இல் ஏபெல் பரிசு கிடைத்தது. 2007இல் அதே பரிசு, அதே கூரான்ட் கழகத்தில் 1963 முதல் இருந்துவரும் எஸ்.ஆர்.எஸ். வரதனுக்கு. சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்தவர் அவர். லேக்ஸ் 2025இல் 99ஆவது வயதில் காலமானார்.

பேரன் ஊருக்குப் போன பிறகு தொலைபேசியில் என் மீதிப் பதிலைச் சொன்னேன். கம்ப்யூட்டரும் பொய் சொல்லவில்லை, புஸ்தகமும் பொய் சொல்லவில்லை. எத்தனை தட்டல் வரை நம்ப வேண்டும் என்று நீ முதலில் சொல். அதற்குத் தகுந்தபடி கட்டங்களைச் சிறிதாக்கினால் அத்தனை தட்டல் வரைக்கும் திரையை நம்பலாம். எல்லாக் காலத்துக்கும் நம்பக்கூடிய கட்டம் என்று ஒன்று கிடையாது. உன் 124 கட்டப் படம் முதல் சில தட்டலில் காட்டியது உண்மை; 15ஆவது தட்டலில் காட்டியது 124 என்ற எண்ணின் குணம். ஆனால் ஒன்றை மறந்துவிடாதே. பூனை விதி முழுக் கலப்பு விதி, அதுதான் விதிவிலக்கு. பொதுவான விதிகள் அவ்வப்போது ஏறக்குறையத் திரும்பத்தான் செய்கின்றன.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ அடுத்த தடவை 150இல் போட்டுக் காட்டறேன் தாத்தா, 300 தட்டு" என்றான்.

"தீபாவளிக்கு வாடா. எல்லாரும் வர்றாங்க" என்றேன்.